வெள்ளிமலை ஐந்து மணி பஸ்

1

காலை ஆறே காலுக்கு ஜெர்மனியில் டிராமுக்காகக் காத்து நின்றுகொண்டிருந்தேன். அதே நேரத்தில் கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்தில் நான் பன்னிரண்டு அடி உயரத்துக்கு நிற்கிறேன் என்ற செய்தி கைப்பேசியில் வந்தது.

படத்தோடு வந்தது. ஃப்ளெக்ஸ் பேனர். மேலே மணமகன், மணமகள். கீழே, அவர்கள் இரண்டு பேரையும் சேர்த்தாலும் நிரப்ப முடியாத அளவுக்கு, நான். கையில் பேஸ் கிடார். கண் மூடியிருக்கிறது, வாய் திறந்திருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு இசையில் கரைந்துபோன கலைஞன். உண்மையில் அது தும்மலுக்கு அரை நொடி முன்னால் எடுத்த படம். "ஜெர்மனி புகழ் ராக் ஸ்டார் கிடார் செல்வம் அவர்களின் மாபெரும் இன்னிசை விருந்து" என்று மஞ்சள் எழுத்தில் போட்டு, எழுத்துக்குத் தீயும் வைத்திருந்தார்கள். பேனரின் நிழலில் இரண்டு ஆடுகள் படுத்திருந்தன. எனக்கு இதுவரை கிடைத்ததிலேயே அமைதியான ரசிகர்கள்.

அடுத்து குரல் பதிவு. அனுப்பியவன் ஏழுமலை, என் பாலிடெக்னிக் நண்பன். அவனுடைய மகளுக்குத்தான் ஆவணி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம்.

"மாப்ள, ஃப்ளெக்ஸ் எப்டிக் கீது? ஊரே நின்னு பாத்துக்கினு போவுது. ரிசப்ஷன் அன்னிக்கி நீ ஒரே ஒரு பாட்டு வாசிக்கிற. ஜாஸ்தி வேணாம். ஆனா இந்த வாட்டி பாட்டு முடியிற வரிக்கும் நிக்கிற."

இந்த வாட்டி.

இருபத்தெட்டு வருடமாக அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை. டிராம் வந்தது, கதவைத் திறந்தது, என்னைப் பார்த்தது, கதவை மூடிக்கொண்டு போய்விட்டது. நான் நிறுத்தத்திலேயே நின்றிருந்தேன். வேலைக்குப் பதினொரு நிமிடம் தாமதம். பதினான்கு வருடத்தில் முதல்முறை. என் மேலாளர் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இன்னும் இல்லை, ஆவணியில் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

2

அந்த வாட்டி என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் ஏழுமலை அதற்கும் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்துவிடுவான்.

அவனுடைய அப்பா கச்சிராயபாளையத்தில் ரேடியோ செட் கடை வைத்திருந்தார். மைக், கூம்பு ஸ்பீக்கர், சீரியல் பல்பு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்குப் போகும். கடையில் ஒரு பழைய டிரம்ஸ் செட்டும் கிடந்தது. ஏழுமலை அதைத் தட்டித் தட்டியே கற்றுக்கொண்டான். நான் சங்கராபுரம் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை கிடார் வாசிப்பவன். வாசிப்பவன் என்றால், மூன்று கார்டு, அதாவது கம்பிகளை அழுத்தும் மூன்று பிடி, தெரியும். கர்த்தர் பெரும்பாலும் அந்த மூன்றுக்குள்ளேயே திருப்தியடைந்துவிடுவார்.

இரண்டு பேரும் சேர்ந்து 'கோமுகி பாய்ஸ்' என்று ராக் பேண்டு ஆரம்பித்தோம். ராக் பேண்டுக்குக் குறைந்தது நான்கு பேர் வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும். மீதி இரண்டு பேரை ஜனங்கள் கற்பனை செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம். அரைகுறையாகத் தெரிந்த ஆங்கிலப் பாட்டு இரண்டு. நாங்களே கட்டிய பாட்டு ஒன்று: "தண்ணி வருது தண்ணி வருது, கோமுகி வாய்க்கால்ல தண்ணி வருது." கோமுகி அணை திறந்த அன்று எழுதியது. இரண்டாவது வரி யோசிப்பதற்குள் அணையை மூடிவிட்டார்கள்.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊரில் கோயில் திருவிழா. ஏழுமலையின் அப்பாவுக்கு மைக் செட் ஆர்டர்; அவர் கடையில் இருந்துகொண்டு ஆட்களை அனுப்பினார். சாயங்காலம் பெரிய கச்சேரி தொடங்குமுன் எங்கள் பையன்கள் கொஞ்ச நேரம் வாசிக்கட்டும் என்று ஊர்க்காரர்களிடம் அவரே கேட்டு வாங்கிக் கொடுத்தார். மணி நாலு. எதிரே முந்நூறு பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதல் ஆங்கிலப் பாட்டை முடித்தோம். கைதட்டல் இல்லை, விசில் இல்லை, கல்கூட இல்லை.

அப்புறம் துண்டுச்சீட்டு வர ஆரம்பித்தது.

நம் பக்கத்துக் கச்சேரி வழக்கம் உங்களுக்குத் தெரியும். மேடைக்குச் சீட்டு வந்தால் எந்தப் பாட்டு போய்க்கொண்டிருந்தாலும் நிறுத்திவிட்டு மைக்கில் படிக்க வேண்டும். நேயர் விருப்பமாக இருக்கும். காணாமல்போன குழந்தையாக இருக்கும். வழியை மறித்து டிராக்டரை விட்டவருக்கான கடைசி எச்சரிக்கையாக இருக்கும். படிக்காமல் மடித்துப் பாக்கெட்டில் வைத்தால் எழுதியவரை அவமானப்படுத்திய மாதிரி. அடுத்து அவருடைய சித்தப்பா மேடைக்கு வருவார்.

ஆகவே படித்தேன். முதல் சீட்டு: "முருகர் பாட்டு போடவும்." இரண்டாவது: "காதல் பாட்டு போடவும்." மூன்றாவது: "ஏதாவது ஒரு பாட்டு போடவும்." ஏழாவதோ எட்டாவதோ: "தம்பி, டியூன் பண்ணி முடிச்சாச்சா? எப்ப ஆரம்பிப்பீங்க?"

அதையும் நானேதான் என் குரலில் மைக்கில் படித்தேன். முந்நூறு பேரும் சிரித்தார்கள். அடுத்தது எங்கள் சொந்தப் பாட்டு. பாட வேண்டியவன் நான். தொண்டைக்குள் யாரோ ஷட்டரை இறக்கிவிட்டார்கள்.

"டேய், ஃபியூஸ் போயிருக்கும்போல. பாத்துட்டு வரேன்" என்று ஏழுமலையிடம் சொன்னேன். ஃபியூஸ் போகவில்லை. நான் பேசியதே ஸ்பீக்கரில் மலைக்கு அந்தப் பக்கம்வரைக்கும் கேட்டது. மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர். ஜெனரேட்டருக்குப் பின்னால் ரோடு. ரோட்டில், கள்ளக்குறிச்சி போகும் ஐந்து மணி பஸ் எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றிருந்தது. தோளில் கிடாரோடு ஏறிவிட்டேன்.

கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார். "இன்னாப்பா, கச்சேரி மேல நடந்துக்கினு கீது, கிடாரு மட்டும் கீழ எறங்குது?"

"வேற ஒரு புரோகிராம் இருக்குதுங்க."

"ஓ. அவ்ளோ பிஸியா?"

பஸ் இறங்க ஆரம்பித்தது. மேலே டிரம்ஸ் சத்தம் கேட்டது. ஏழுமலை தனியாக வாசிக்கிறான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் டிரைவர் ஹார்ன் அடிப்பார். ஹார்ன் நின்றதும் டிரம்ஸ் கேட்கும். ஒரு வளைவில் வலது காதில் கேட்கும், அடுத்ததில் இடது காதில். அது கேட்காமல் போகும் வளைவு எது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். ஏழாவது.

அந்த பஸ் கச்சிராயபாளையம் வழியாகத்தான் போயாக வேண்டும். ரேடியோ செட் கடை வாசலில் ஏழுமலையின் அப்பா. ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டார்.

"இன்னாப்பா செல்வம், அதுக்குள்ள முடிஞ்சிச்சா? எப்டி இருந்துச்சி?"

"நல்லா இருந்துச்சிங்க."

"எம்புள்ள எங்க?"

"டிரம்ஸெல்லாம் ஏத்திக்கினு வரான்."

திங்கட்கிழமை ஏழுமலை பாலிடெக்னிக்குக்கு வந்தான். என் பெஞ்சில் ஒரு பிளாஸ்டிக் பையை வைத்தான். உள்ளே நிறைய துண்டுச்சீட்டுகள். "நீ போனப்புறம் வந்தது. உனுக்குத்தான்" என்றான். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டி, அன்றைக்கே சரியாகியிருக்கும். அப்புறம் வேலை, துபாய், ஜெர்மனி. அவன் அப்பாவின் கடையை எடுத்து சவுண்ட் சர்வீஸ் ஆக்கினான். வாரத்துக்கு இரண்டு முறை பேசுவோம். மழை, பிள்ளைகள், சர்க்கரை அளவு எல்லாம் பேசுவோம். அந்த பஸ்ஸைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

3

இந்த நிலையில் நான் எப்படி ஜெர்மனி புகழ் ராக் ஸ்டார் ஆனேன் என்று கேட்பீர்கள். விளம்பரம் பார்த்துத்தான்.

பத்து வருடத்துக்கு முன் எங்கள் சிறு நகரத்தின் சூப்பர் மார்க்கெட் பலகையில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. "பேஸ் கிடாருக்கு ஆள் தேவை. அனுபவம் தேவையில்லை. நேரம் தவறாமை தேவை." போனேன், ஐந்து நிமிடம் முன்னதாக. எடுத்துக்கொண்டார்கள். மற்ற இருவரில் டிரம்ஸ் யூர்கன், ஓய்வு பெற்ற தபால்காரர். பாட்டும் கிடாரும் பெட்ரா, ரொட்டிக்கடையில் வேலை. பேண்டின் பெயருக்குத் தமிழில் 'வேலை நேரம் முடிந்தது' என்று அர்த்தம். யூர்கனின் கராஜில் சனிக்கிழமை பயிற்சி.

பேஸ் என்பது நான்கு கம்பி வைத்த, அடிவயிற்றில் கேட்கும் கிடார். இருந்தால் யாருக்கும் தெரியாது, இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்பார்கள். என் சுபாவத்துக்கே செய்த வாத்தியம்.

முதல் மேடை, தீயணைப்பு நிலைய ஆண்டு விழா. அதற்கே நகராட்சியில் ஆறு பக்க விண்ணப்பம். எத்தனை வாத்தியம், எத்தனை டெசிபல், என்னென்ன பாட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம் எத்தனை விநாடி, மேடையில் விலங்குகள் ஏதும் இருக்குமா. இங்கே மதியம் ஒன்றிலிருந்து மூன்றுவரை சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடாது. அதிகாலை நாலு மணிக்குக் கூம்பு ஸ்பீக்கர் கட்டி எழுப்பிய ஊரில் பிறந்தவனை இப்படி ஒரு நாட்டில் கொண்டுவந்து ராக் வாசிக்கச் சொன்னால் அவன் என்ன ஆவான்?

மேடை ஏறியதும் கண் தானாக ஜெனரேட்டரைத் தேடியது. இங்கே ஜெனரேட்டர் வைப்பதில்லை. ஓட வழியில்லாமல் பதறி, வாத்தியத்தில் இருந்த வால்யூம் குமிழைப் பிடித்துத் திருகினேன். அது பூஜ்யத்துக்குப் போய்விட்டது. ஒரு மணி நேரம் தலையை ஆட்டி, கண்ணை மூடி, சத்தமே இல்லாமல் வாசித்தேன். இறங்கியதும் யூர்கன் தோளில் தட்டினார். "இன்றைக்கு நாம் மூன்று பேரும் பிரமாதமாகச் சேர்ந்திருந்தோம்."

அதிலிருந்து என்ன பாடம் கற்றுக்கொள்வது? கற்றுக்கொண்டேன். பத்து வருடம். பயிற்சியில் குமிழ் இரண்டில் இருக்கும். மேடையில் பூஜ்யம். ஊருக்குப் படம் மட்டும் அனுப்புவேன், வீடியோ அனுப்ப மாட்டேன். "இங்க நெட் கம்மி" என்பேன். ஜெர்மனியில் இருந்துகொண்டு கல்வராயன் மலைக்காரர்களிடம் இதைச் சொன்னவன் நான்.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். இலையுதிர்காலச் சந்தையில் பாட்டின் நடுவில் முன்வரிசை அம்மாள் ஒருவர் மேடைக்கு ஒரு காகிதத்தை நீட்டினார். சீட்டு! கை தானாக வாங்கியது, வாய் தானாக மைக்குக்குப் போனது. பாட்டை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, சத்தமாக, தெளிவாக, வேற்றுமை உருபுகூடத் தவறாமல் ஜெர்மனில் படித்தேன்: "யூர்கன், உங்கள் கால்சட்டை ஜிப் திறந்திருக்கிறது." படித்து முடித்த பிறகுதான் பொருள் மண்டையில் ஏறியது. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதர். நான் படிக்காமல் விட்டிருந்தால் அது அந்த அம்மாளுக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருந்திருக்கும். அவர் இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை.

கராஜுக்கு அடுத்த வீட்டில் ஹில்டா அம்மாள். மணி ஒன்றானால் ஜன்னலைத் திறந்து கைக்கடிகாரத்தை விரலால் தட்டிக் காட்டுவார். நகராட்சியில் 'ஒழுங்கு அலுவலகம்' என்று நிஜமாகவே ஒரு அலுவலகம் இருக்கிறது. அதற்கு வருடம் தவறாமல் எங்கள்மேல் புகார் எழுதுவார். டிரம்ஸ் என்று எழுதுவார், பெட்ராவின் குரல் என்று எழுதுவார். என்னைப் பற்றி மட்டும், "மூன்றாவது நபர் பண்பாளர், அவரால் எந்தத் தொந்தரவும் இல்லை" என்று தனிக் குறிப்பே போடுவார்.

4

எனக்கு ஒரு மகள். ஜெனி, பதினாறு வயது. நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். நான் ஜெர்மனில் கேட்டால் என் இலக்கணத்தைத் திருத்துவாள், பதில் சொல்ல மறந்துவிடுவாள். ஆறு வருடமாக ஊருக்கு வர மாட்டேன் என்றவள், "ஏழுமலை மாமா வூட்டு கல்யாணத்துக்கு நான் வரேன்" என்றாள்.

வூடு! என் மனைவி எஸ்தர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "இந்தப் பேச்ச எங்கடி கத்துக்கின?"

விசாரித்தால், இரண்டு வருடம் முன்னால் நான் கைப்பேசியை மறந்து வைத்துவிட்டுப் போனபோது ஏழுமலையின் அழைப்பை இவள் எடுத்திருக்கிறாள். இன்னா பாப்பா பண்ற என்று கேட்டிருக்கிறான். யூர்கன் தாத்தாவிடம் டிரம்ஸ் கற்றுக்கொள்கிறேன் என்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவன் வாயாலேயே தாளம் போட்டுக் குரல் பதிவு அனுப்புவது, இவள் வாசித்துத் திருப்பி அனுப்புவது. நான் எட்டு வருடம் சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிக்கு வண்டி ஓட்டியது வீண். பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டது கச்சிராயபாளையம் சவுண்ட் சர்வீஸ் தமிழ்.

நான் போகாமலிருக்கக் காரணங்கள் தேடினேன். முதுகுவலி என்றேன். எஸ்தர் முதியோர் இல்லத்தில் நர்ஸ். "குனிங்க பாக்கலாம்" என்றாள். குனிந்தேன். "நிமிருங்க." நிமிர்ந்தேன். "டிக்கெட் போடுங்க" என்றாள்.

பேஸை விமானத்தில் எடுத்துப்போக முடியாது என்றேன். எடுத்துப்போகலாம் என்று விமான நிறுவனத்தின் விதிமுறையை ஜெனி அச்சிட்டே கொண்டுவந்தாள். கடைசியில் சென்னையில் சுங்க அதிகாரி காப்பாற்றுவார் என்று நம்பினேன். அவர் பையைத் திறந்து பார்த்தார்.

"புதுசா சார்?"

"பழசு சார். நான் வாசிக்கிறது."

"எங்க, வாசிங்க."

வாசித்தேன். கரண்ட் இல்லாமல் பேஸ் கிடாரில் சத்தம் வராது.

"ஒண்ணுமே கேக்கலயே சார்?"

"எப்பவும் அப்படித்தான் வாசிப்பேன்" என்றேன். என்மேல் பரிதாபப்பட்டு விட்டுவிட்டார். ஜெனி பின்னால் நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியில்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

5

மண்டபம். மாலை ஏழு மணி. மணமக்கள் சிம்மாசனத்தில். அவர்களிடம் அன்பளிப்புக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ள வாசல்வரை வரிசை. மேடையின் ஓரத்தில் ஒரு மெல்லிசைக் குழு. அவர்கள் இடைவேளை விடும்போது நான்.

ஏழுமலையும் நானும் சேர்ந்து வாசிப்போம், அவன் டிரம்ஸில் என் தப்பை மூடிவிடுவான் என்பதுதான் என் கடைசிப் பிடி. அவன் பட்டு வேட்டியோடு, கையில் சந்தனக் கிண்ணத்தோடு வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"பொண்ணப் பெத்தவன் நான் மாப்ள. வாசல வுட்டுட்டு மேடையில குந்திக்கினு தட்ட முடியுமா? பாப்பா வாசிக்கும். பாட்டு அதுக்கு அத்துப்படி."

"எந்தப் பாட்டு?"

"நம்ம பாட்டுதான். தண்ணி வருது."

பரவாயில்லை, குமிழ் இருக்கிறதே என்று பையைத் திறந்தேன். குமிழ் முழு வால்யூமில் இருந்தது. அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஆறேழு சுற்று. இழுத்தேன், நகத்தால் சுரண்டினேன். முப்பது வருடம் ஒயர் சுற்றிய கை சுற்றியது. அசையவில்லை.

"இன்னாடா இது?"

"பாப்பா எல்லாத்தையும் சொல்லிச்சி" என்றான் ஏழுமலை. யாரோ ஒரு பெரியவருக்குச் சந்தனம் நீட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னான். "பத்து வருசமா ஊமைப்படம் ஓட்டிக்கினு கீறியாமே."

ஜெனியைப் பார்த்தேன். சுடிதாரும் கையில் டிரம்ஸ் குச்சியுமாக நின்றாள். "யூர்கன் தாத்தாவுக்கும் தெரியும் டாடி. எல்லாருக்கும் தெரியும்" என்றாள். இரண்டு வாக்கியம், இரண்டும் தமிழ். சந்தோஷப்பட வேண்டிய நேரமா அது?

மேடையேறினேன். அறிவிப்பாளர் "ஜெர்மனி புகழ்" என்று ஆரம்பித்து அடுக்கிக்கொண்டே போனார். நான் வழிகளை எண்ணினேன். முன்வாசலில் ஏழுமலை. இடதுபக்கம் சாப்பாட்டுக்கூடம். அங்கே பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் நின்றிருந்தார்கள். அந்தச் சுவரை யாராலும் உடைக்க முடியாது. வலதுபக்கம் சின்னக் கதவு, அதற்கு வெளியே ஜெனரேட்டர். கதவு திறந்திருந்தது. ஐம்பதை நெருங்கும் கால் இரண்டும் இருபது வயசுக் கால் மாதிரி அந்தப் பக்கம் திரும்பின. "ஜெனி, ஃபியூஸ் ஏதோ" என்று நான் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். ஆமாம், அதே வாக்கியம். இருபத்தெட்டு வருடத்தில் புதிதாக ஒன்றுகூட யோசித்து வைத்திருக்கவில்லை.

அப்போது கீழேயிருந்து ஒரு சீட்டு வந்தது. வாங்கி மைக்கில் படித்தேன். "வெள்ளை நிறக் கார் பந்திக்குத் தண்ணீர் கொண்டுவரும் வண்டியை மறித்து நிற்கிறது. உடனே எடுக்கவும்." மூன்று பேர் எழுந்து ஓடினார்கள். எனக்கும் அவர்களோடு ஓட ஆசை.

பின்னாலேயே இன்னொரு சீட்டு. பிரித்தேன். அதையும் வாய் தானாகவே படித்துவிட்டது.

"அஞ்சு மணி பஸ் போயிடுச்சி. வாசி."

மூன்றாவது வரிசையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மணி ஏழரை ஆவுது. அஞ்சு மணி பஸ்ஸ இப்ப எதுக்குச் சொல்லிக்கினு கீறான்?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். பக்கத்து ஆள், "ஜெர்மனி டைமா இருக்கும்" என்றார்.

வாசலைப் பார்த்தேன். ஏழுமலை சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தான். சிரிக்கவில்லை. வருகிறவர்கள் அவன் கையிலிருந்து தாங்களாகவே சந்தனம் தொட்டுக்கொண்டு போனார்கள்.

"டாடி, ஆரம்பிக்கட்டா?" என்றாள் ஜெனி. நான் பதில் சொல்வதற்குள் குச்சியைத் தட்டி நாலு எண்ணிவிட்டாள்.

முதல் கம்பியைத் தட்டினேன். தும்! என்னை நானே முழு வால்யூமில் கேட்டது அன்றுதான். மணமக்களுக்குப் பின்னாலிருந்த தெர்மோகோல் மயிலின் கழுத்து ஆடியது. "தண்ணி வருது தண்ணி வருது" என்று பாடினேன். இரண்டாவது தடவை வரும்போது விரலைத் தப்பான இடத்தில் வைத்தேன். தப்பு என்றால், சந்தேகத்துக்கு இடமில்லாத, கச்சிராயபாளையம் முழுவதுக்கும் பொதுவான தப்பு. மணமகள் திரும்பிப் பார்த்தாள். வியர்வையில் கண் எரிந்தது. ஜெனி வேகத்தைக் கூட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. அதே தாளத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். பஸ் பிடிக்க ஓடிவரும் ஆளுக்காக டிரைவர் வண்டியை உறுமவிட்டபடி நிற்பது மாதிரி. தடுமாறிப் போய் ஏறிக்கொண்டேன்.

சரியாக அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கூடத்திலிருந்து ஒரு குரல்: "ரெண்டாவது பந்தி ரெடி!" பாதி மண்டபம் எழுந்தது. பத்து நொடியில் என் எதிரே நாற்காலிகள்தான் மிச்சம். இருபத்தெட்டு வருடமாக எந்த ஜனக்கூட்டத்துக்குப் பயந்தேனோ அது என்னைப் பார்க்கவே இல்லை. சாம்பார் பக்கம் போய்விட்டது. நியாயமாக நிம்மதி வர வேண்டும். கோபம்தான் வந்தது. இன்னும் ஓங்கி வாசித்தேன்.

காலி நாற்காலிகளுக்கு நடுவில் ஒரே ஒரு ஆள் நடந்து வந்தான். ஏழுமலை. வாசலை விட்டுவிட்டான். சந்தனக் கிண்ணத்தை இடது கையில் கவிழ்த்துப் பிடித்து, வலது கை விரல்களால் அதன் அடியில் தாளம் போட்டுக்கொண்டே வந்தான். பட்டு வேட்டி முழுக்கச் சந்தனம். பாட்டுக்கு இன்னும் இரண்டாவது வரி இல்லாததால் ஒரே வரியை எத்தனை தடவை பாடினோம் என்று தெரியாது. ஜெனி நிறுத்தியபோது நானும் நிறுத்தினேன். அப்போதும் மேடையில்தான் இருந்தேன்.

கீழே இறங்கியதும், "ரொம்ப மோசமா வாசிச்ச மாப்ள" என்றான்.

"தெரியும்டா."

"ஆனா கேட்டுச்சி."

கொஞ்ச நேரம் வேட்டியில் இருந்த சந்தனத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். அப்புறம் சொன்னான். "அன்னிக்கி மேல தட்டிக்கினே இருந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் உன் பஸ்ஸு ஹார்ன் அடிச்சிக்கினு போவுது. எந்த வளைவு வரிக்கும் கேக்குதுன்னு எண்ணிக்கினே தட்டினேன்."

"ஏழு" என்றேன்.

"ஏழுதான்" என்றான். "வா, மூணாவது பந்திக்கு எடம் புடிக்கலாம்."

6

ஜெர்மனிக்குத் திரும்பி, அடுத்த சனிக்கிழமை கராஜுக்குப் போனேன். டேப்பைப் பிரிக்கவில்லை. பிரிக்க முடியவில்லை என்று எஸ்தரிடம் சொல்லியிருக்கிறேன், நீங்களும் அப்படியே நம்புங்கள். முதல் பாட்டிலேயே யூர்கன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பத்து வருடமாக இதற்குத்தான் காத்திருந்தோம்" என்றார். "இவ்வளவு மோசமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை" என்றார் பெட்ரா. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

மூன்றாம் வாரம் ஒழுங்கு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. என் பெயருக்கு, பதிவுத் தபாலில். ஹில்டா அம்மாள் டிரம்ஸை மன்னித்திருந்தார், பெட்ராவின் குரலை மறந்திருந்தார். புகார் முழுக்க என்மேல்தான். மூன்றாம் நபரின் வாத்தியத்திலிருந்து வரும் தாழ்வான ஒலி தன் சமையலறை அலமாரியில் கோப்பைகளை நகர்த்துகிறது. இத்தனை வருடம் பண்பாளராக இருந்தவருக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. நான் வாசிப்பது கேட்கிறது என்று ஒரு அரசாங்கம் முத்திரை வைத்துச் சொன்ன முதல் ஆவணம். படம் எடுத்து ஏழுமலைக்கு அனுப்பினேன். இரண்டு நிமிடத்தில் குரல் வந்தது: "மாப்ள, இத்த அப்டியே ஃப்ளெக்ஸ் போட்டுடட்டா?"

கடிதத்தோடு ஒரு படிவம். இரண்டு வாரத்துக்குள் பதில் எழுத வேண்டும். ஒலியைக் குறைக்கச் சம்மதிக்கிறீர்களா, ஆட்சேபிக்கிறீர்களா, ஆட்சேபித்தால் காரணம் என்ன. ஜெனியும் நானும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம். நான் தமிழில் சொன்னேன், அவள் ஜெர்மனில் எழுதினாள், ஒரு எழுத்துக்கூடத் திருத்தாமல்:

"ஒலியைக் குறைக்க இயலாது. வால்யூம் குமிழின்மேல் டேப் சுற்றப்பட்டுள்ளது. அதைப் பிரிக்க அதிகாரம் உள்ளவர் கச்சிராயபாளையத்தில் இருக்கிறார்."